நடுப்பகலில் ஏறிய கோடு

போன மாதம் எங்கள் பழைய காந்த நிலையத்திலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் என்னைத் தேடி வந்திருந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பூமியின் காந்தத்தை இப்போது இயந்திரம் தானே அளந்து, தானே குறித்து, வெளிநாட்டு மையத்துக்குத் தானே அனுப்பிவிடுகிறதாம். பழைய காகிதச் சுருள்களை அடுக்கும்போது ஓரத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாள் இன்னும் இருக்கிறாளா என்று விசாரித்து வந்திருக்கிறார்கள். காப்பி குடித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்:

"ஸ்டேஷன் தொடங்கின காலத்துல இங்க ஒர்க் பண்ணின ஃபாரினர்ஸ் யாரெல்லாம் மேடம்?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அவள் கூட வந்தவனைப் பார்த்தாள். கிழவிக்கு மறதி என்று நினைத்திருப்பாள். எனக்கு மறதி எதுவும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கமலபாய். ஊர் நாகர்கோவில் பக்கம். மகளிர் கல்லூரியில் கணிதம் படித்து முடித்து, சுதந்திரம் வந்த மறுவருஷம் திருவனந்தபுரத்தில் இந்த நிலையத்தில் கணக்கெழுத்தராகச் சேர்ந்தேன். என் வேலை, கருவி காட்டுகிற எண்களைக் கூட்டிக் கழித்துப் பட்டியல் போடுவது.

திருவனந்தபுரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. காந்த ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால், வடக்கே போகப் போக அதன் தலை குனியும். இங்கே அது ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். அப்படி ஊசி படுத்துக் கிடக்கிற இடங்கள் உலகத்தைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி இருக்கின்றன. அந்த வளையத்தின் மேல் அன்றைக்கு நிலையங்கள் மிகக் குறைவு. அதனால் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஒரு மையம் எங்களுக்குக் கருவிகளை இரவல் தந்தது. பெட்டிகள் வந்தன. பெட்டிக்குள் ஒரு புத்தகமும் வந்தது. ஆள் வரவில்லை. அந்தப் புத்தகத்தைப் படித்துக் கருவியை நிறுத்தியவர் எங்கள் மேலதிகாரி நீலகண்ட ஐயர்.

ஐயர் சார் ஸ்ரீவராகத்துக்காரர். தினமும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நடந்தே வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஓர் எண் தப்பாக இருந்தால் "தப்பு" என்று சொல்லமாட்டார். பென்சில் நுனியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதைக் கொஞ்சம் மறுபடி பாருங்கோ" என்பார். அழிப்பான் எங்கள் அலுவலகத்திலேயே கிடையாது. தப்பான எண்ணை ஒரே ஒரு கோட்டால் அடிக்க வேண்டும், அடித்த பிறகும் அது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். சரியானதை மேலே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "தப்பு எப்படி வந்துதுன்னு நாளைக்கு ஒருத்தர் பாக்கணுமோல்லியோ? அழிச்சுட்டா அவருக்கு என்ன மிஞ்சும்?" என்பார். அவர் எழுதிய பக்கங்களிலும் அடித்த கோடுகள் நிறைய உண்டு. அதையெல்லாம் எனக்குத் திறந்து காட்டியிருக்கிறார்.

கருவி இருந்த கொட்டகை அலுவலகத்திலிருந்து தள்ளி, தென்னந்தோப்பு நடுவே இருந்தது. அதை எங்கள் பக்கத்துச் சிவப்பு வெட்டுக்கல்லில் கட்டக் கூடாது, அந்தக் கல்லில் இரும்புச் சத்து உண்டு. ஆஞ்சிலி மரப் பலகை, செம்பு ஆணி, ஓலைக் கூரை, அவ்வளவுதான். உள்ளே இருட்டு அறையில், ஒடித்த தீக்குச்சி அளவுக்கு ஒரு காந்தம், முடியைவிட மெல்லிய இழையில் தொங்கும். அதில் ஒரு பொட்டுக் கண்ணாடி. விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, உருளையில் சுற்றிய புகைப்படக் காகிதத்தில் விழும். உருளை ஒரு நாளைக்கு ஒரு சுற்று. பூமியின் காந்தம் கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். அதே அசைவைக் கண்ணால் பார்க்க, பக்கத்து அறையில் தொலைநோக்கியும் அளவுகோலும் இருந்தன.

கொட்டகைக்குள் போகிறவர் உடம்பில் இரும்பு கூடாது. சாவி, பேனாக்கத்தி, கைக்கடிகாரம், பெல்ட், ஆணி அடித்த செருப்பு, குடை எல்லாம் வாசலுக்கு வெளியே ஒரு கூடையில். நான் கொண்டை ஊசியையும் சேஃப்டி பின்னையும் விட்டொழித்து, தலைமுடியை நூல் கயிற்றால் கட்டப் பழகிக்கொண்டேன். வாசலில் நின்று சோதிப்பவர் தங்கப்பன் மேஸ்திரி. ஐயர் சாரும் விதிவிலக்கில்லை. தினமும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நிற்பார். மேஸ்திரி வேட்டி மடிப்பு வரை தடவிப் பார்த்துவிட்டு, "செரி, கேறலாம்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போவார்.

மேஸ்திரி பாறசாலைக்காரர். அந்தக் கொட்டகையைக் கட்டிய தச்சரே அவர்தான். செம்பு ஆணி சுத்தியல் அடியில் வளைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முதலில் துளை போட்டு, ஓர் ஆணிகூட வளையாமல் அடித்து முடித்தார். வேலை முடிந்ததும் ஐயர் சார் அவரைக் காவலுக்கு என்று நிறுத்திக்கொண்டார். நாற்பது தாண்டியவர். மலையாளப் பள்ளிக்கூடத்தில் சில வகுப்பு.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ஐயர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நமக்குக் காய்ச்சல் வந்தா உலகம் நிக்கப்படாது, கேட்டேளா. நாம ரெண்டு பேரும் இல்லேன்னாலும் இந்த ஸ்டேஷன் ஓடணும். தங்கப்பனைப் பழக்குங்கோ."

"நானா சார்? அவருக்கு என்னைவிட இருபது வயசு கூடுதல்."

"அதனால என்ன? அவர் கண்ணு உங்க கண்ணைவிட நன்னாருக்கு."

அது உண்மை. அளவுகோலின் இரண்டு கோட்டுக்கு நடுவே பத்தில் ஒரு பங்கை மதிப்பிட எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. மேஸ்திரிக்கு ஒரு காலைப்பொழுது போதும். பென்சில் கோட்டின் எந்தப் பக்கம் மரம் அறுக்கும் வாளை வைப்பது என்று வாழ்நாளெல்லாம் பார்த்த கண். சிவப்பு விளக்கில் காகிதம் மாற்றுவது, கழுவுவது, நிலைப்படுத்துவது, காயப்போடுவது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டன. என்னைச் "சாறே" என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் பக்கம் பாடம் சொல்லிக் கொடுப்பவர் பெண்ணானாலும் சார்தான்.

வராத பாடம் ஒன்று இருந்தது. ஒரு வாரம் அவர் கண்ணால் பார்த்து எழுதிய எண்களை நான் புள்ளி வைத்து வரைந்தேன். வழவழவென்று இழைத்த பலகை மாதிரி இருந்தது கோடு. புகைப்படக் காகிதத்திலோ அதே நேரத்தில் சின்னச் சின்னப் பிசிறுகள்.

"மேஸ்திரி, பத்தே காலுக்கு நீங்க பார்த்தது இந்த எண்தானா?"

"கொறச்சு கூடுதலா இருந்து சாறே. முன்னையும் பின்னையும் உள்ளதோட சேரல்ல. நான் இழைச்சு ஒப்புரவாக்கினேன்."

"ஏன்?"

"கோணலா எழுதினா எனக்குப் பார்க்கத் தெரியல்லன்னு சொல்லுவாவ அல்லியோ?"

அந்த மனிதர் ஏமாற்றவில்லை, பயந்திருக்கிறார். நான் என் முதல் வருஷப் பதிவேட்டை எடுத்து, ஐயர் சார் என்னை அடிக்க வைத்த கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பிறகு சொன்னேன்: "மரத்துல முடிச்சு இருந்தா இழைக்கலாம் மேஸ்திரி. இங்க நமக்கு முடிச்சுதான் வேணும்." அவர் சிரித்தார். அன்றிலிருந்து அவர் எண்ணை நான் சந்தேகப்பட்டதில்லை.

அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் இன்னும் சிலரைப் பழக்கினோம். மாதாமாதம் பட்டியல் போட்டு வெளிநாட்டு மையத்துக்கு அனுப்பினோம். அப்போதுதான் மையத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

எங்கள் கோடு காலை எட்டு மணிக்கு மேல் கிடுகிடுவென்று ஏறும். பதினொன்றரை வாக்கில் உச்சிக்குப் போய், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். இப்படி ஏறும் உயரம் மற்ற நிலையங்களைவிட மிக அதிகம் என்று கடிதம் சொன்னது. ஓலைக் கொட்டகையின் சூடு கருவியைப் பாதித்திருக்கலாம், அல்லது போதிய பயிற்சியில்லாத உள்ளூர் ஊழியர்களின் கவனக்குறைவாக இருக்கலாம். சோதித்து முடியும் வரை எங்கள் எண்களை அச்சிடப் போவதில்லை. நிபுணர் ஒருவர் வருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் கருவிகளைத் திரும்ப எடுத்து வேறிடத்துக்கு அனுப்புவார்கள்.

ஐயர் சார் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் உரக்கப் படித்தேன். "பயிற்சியில்லாத உள்ளூர் ஊழியர்கள்" என்ற இடத்தை மலையாளத்தில் சொல்லும்படி மேஸ்திரி கேட்டார். சொன்னேன். வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி, அறைச் சூட்டை எழுதிவைக்கும் வெப்பமானிப் பதிவேட்டோடு வந்தார்.

"சாறே, இது நோக்குங்க. அறையில சூடு கூடுதல் ஆவது ரெண்டு மணிக்கு மேல. கோடு அதுக்கு முந்தியே இறங்கியாச்சு. சூடு ஏத்துனா கோடும் ரெண்டு மணிக்கு அல்லியோ ஏறணும்?"

நான் பதிவேட்டோடு ஐயர் சாரிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு இது போறும். அவாளுக்குப் போறாது. சூடே இல்லாத இடத்துல போய் அளக்கணும்" என்றார்.

பொன்முடி மலை என்று முடிவாயிற்று. மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் இடம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணருக்கு நரைத்த தலை, நெடிய உருவம். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் கையில் எடுத்துப் போகும் கருவியைத் தான் மட்டுமே தொடுவேன் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் அவர் மலையில் அளப்பார், நான் எழுதுவேன், அதே நேரத்தில் கீழே கொட்டகையில் வழக்கம்போலக் கோடு ஓடும், பிறகு இரண்டையும் ஒப்பிடலாம் என்பது ஏற்பாடு. மலைக்கு ஐயர் சாரும் வந்தார்.

மலையடிவாரத்து விதுரா தாண்டி ஜீப் ஏறும்போதுதான் நிபுணர் கேட்டார், "அப்படியானால் கீழே கருவியோடு யார் இருக்கிறார்கள்?"

"தங்கப்பன் இருக்கார்" என்றார் ஐயர் சார்.

"உங்கள் காவலாளியா?"

"எங்க அப்சர்வர்."

நிபுணர் கருவிப் பெட்டியை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜீப்பை அரை மைல் கீழேயே நிறுத்தினோம். கருவிக்கு இருபது அடி தள்ளித் தோட்டத்துக் கணக்கர் கடிகாரத்தோடு நின்று, கால்மணிக்கு ஒரு தரம் "ஆச்சு!" என்று குரல் கொடுப்பார். நிபுணர் பார்த்து எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன். மூடுபனி வந்து வந்து போகும். சேலைக்கு மேல் கம்பளி போர்த்தியும் எனக்கு விரல் விறைத்தது. அந்தக் குளிரில், காலை எட்டு மணிக்கு மேல் எண் ஏற ஆரம்பித்தது. முதல் நாள் பதினொன்றரைக்கு உச்சி. இரண்டாம் நாளும் அப்படியே. நிபுணர் வெப்பமானியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது ஏறவே இல்லை. சூடு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பதினொன்றே முக்காலுக்குச் சற்று முன்பு. நிபுணர் தொலைநோக்கியில் கண் வைத்துத் தயாராக இருந்தார். திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"நீ நகர்ந்தாயா? உன்னிடம் இரும்பு இருக்கிறது."

எண் ஒரே தாவலில் மேலே போயிருந்தது. நான் கணக்கரிடம் நேரம் கேட்டு எழுதினேன். பதினொன்று நாற்பத்திரண்டு. பிறகு சொன்னேன், "என்னிடம் இல்லை ஐயா."

"போய்த் தள்ளி நில்."

ஈரப் புல்லில் முப்பது அடி நடந்து போய் நின்றேன். அவர் மறுபடி பார்த்தார். எண் இறங்கவில்லை. நான் அங்கிருந்தே கேட்டேன், "இப்போது நீங்கள் தள்ளி நில்லுங்கள் ஐயா. நான் பார்க்கிறேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பேச்சு என்று உறைத்தது. ஐயர் சார் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நிபுணர் நியாயமான மனிதர். கோட்டுப் பையெல்லாம் உதறிக் காட்டிவிட்டு விலகினார். மூன்று நாளில் முதல் தடவையாக நான் அந்தக் கருவியில் கண் வைத்தேன். எண் அங்கேயே நின்றது. அவரிடமும் இரும்பு இல்லை.

"அப்படியென்றால் இழை நழுவிவிட்டது. இன்றைய பக்கத்தை அடித்துவிடு" என்றார்.

"வேண்டாம்" என்றார் ஐயர் சார். அந்த ஒரு சொல்லை அவர் அவ்வளவு அழுத்திச் சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை. "எழுதினது இருக்கட்டும். கீழே என்ன ஆச்சுன்னு பாத்துட்டு அடிக்கலாம்."

அன்று பின்னேரம் வரை எண் நிலைகொள்ளாமல் ஆடியது. மறுநாள் காலையில் இறங்கினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. மேஸ்திரி கால்மணிக்கு ஒரு தரம் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பார். கோடு குதித்ததைப் பார்த்தால் என்ன செய்வார்? சாதாரணமாக எவரும் மூடியைத் திறப்பார், விளக்கை அசைப்பார், சரி செய்யப் பார்ப்பார். கை வைத்திருந்தால் மூன்று நாள் வேலையும் போயிற்று, நிலையமும் போயிற்று.

கொட்டகை வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். கழுவிக் காயவைத்த மூன்று நாள் காகிதங்களையும் பதிவேட்டையும் தயாராக வைத்திருந்தார். காகிதங்களில் கோடு, முதல் இரண்டு நாளும் மலையில் ஏறினது போலவே ஏறி இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் உச்சிக்குப் பக்கத்தில், படிக்கட்டு ஏறினது மாதிரி ஒரு தாவல். நிபுணர் கண்ணாடி அளவுகோலை வைத்து நேரத்தைப் பார்த்தார். அதே பதினொன்று நாற்பத்திரண்டு.

பதிவேட்டில் பதினொன்றே முக்காலுக்கு எதிரே மேஸ்திரி மலையாளத்தில் எழுதியிருந்தார். நிபுணர் என்ன என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் வாசித்தேன்.

"கோடு சட்டென்று மேலே போனது. விளக்கு சரி. கடிகாரம் சரி. என் உடம்பில் இரும்பு இல்லை. வெளியே வண்டி இல்லை. கருவியில் கை வைக்கவில்லை."

மலையிலும் கீழேயும் ஒரே நிமிஷத்தில் குதித்தது கருவி இல்லை, பூமியின் காந்தமே என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. சூரியனில் ஏதாவது கிளம்பினால் அப்படி நடக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். என் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

நிபுணர் மேஸ்திரியிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: கோளாறு என்று தோன்றியிருக்குமே, ஏன் தொடவில்லை?

மேஸ்திரி யோசித்துத்தான் பதில் சொன்னார். "தொட்டா பின்ன அது எனக்க கோடு சாறே. தொடாட்டி அதுக்க கோடு."

தொட்டால் அது என்னுடைய கோடு, தொடாவிட்டால் அதனுடைய கோடு என்று நான் மொழிபெயர்த்தேன். நிபுணர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "இவருக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். ஐயர் சார் என்னைக் காட்டினார். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் பாராட்டுகள் வந்தன, சால்வைகூடப் போர்த்தினார்கள். அந்த விரல் என் பக்கம் நீண்டதற்கு அவை ஈடாகாது.

மறுநாள் காலையில் நிபுணர் கடைசியாகக் கொட்டகைக்கு வந்தார். யாரும் சொல்லாமலே கடிகாரத்தையும் பெல்ட்டையும் கூடையில் போட்டுவிட்டு, மேஸ்திரி முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மேஸ்திரி அவரையும் ஐயர் சாரைத் தடவுகிற மாதிரியே நிதானமாகத் தடவினார். "செரி, கேறலாம்."

எங்கள் எண்களை அச்சிட ஆரம்பித்தார்கள். நடுப்பகலில் கோடு அவ்வளவு உயரம் ஏறுவது எங்கள் தவறல்ல, ஊசி படுத்துக் கிடக்கிற அந்த வளையத்துக்கே உரிய குணம் என்பதும் பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. அந்த வளையத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிலையங்கள் வைக்க வேண்டும் என்று மையத்துக்கு ஆசை வந்தது. கடல் தாண்டி ஒரு தீவில் ஒன்று தொடங்கினார்கள். எங்கள் நாகர்கோவில் பக்கம் பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முந்தின வருஷம், நிபுணரிடமிருந்து ஐயர் சாருக்கு ஒரு கடிதம் வந்தது. தீவில் கருவி இறங்கிவிட்டது, உள்ளூர் ஆட்களும் கிடைத்துவிட்டார்கள், பழக்குவதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவரை ஆறு மாதத்துக்கு அனுப்ப முடியுமா?

ஐயர் சார் என்னைப் பார்த்தார். "போறேளா?"

போக ஆசைதான். மறைக்கவில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்துக் கொட்டகை கட்டுவதில் தொடங்கிக் காகிதம் கழுவுவது வரைக்கும் முழுதும் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான்.

"மேஸ்திரி போகட்டும் சார்" என்றேன்.

"இங்கிலீஷ்?"

"கிளம்ப இன்னும் நாலு மாசம் இருக்குல்லா. நான் சொல்லிக் கொடுக்கேன்."

சொல்லிக் கொடுத்தேன். கிளம்பும் நாள் தம்பானூர் ரயில் நிலையத்தில் மேஸ்திரி புதுச் சட்டையும் வேட்டியுமாக நின்றார். ஐயர் சார் மாலை வாங்கி வந்திருந்தார். மேஸ்திரியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"அங்க அவியளுக்கு ஆளு இல்லியா சாறே?"

"ஆளு இருக்கு. வேலை தெரியாது."

"அதுக்கு இவிய எதுக்கு?"

"இவரு சொன்னாத்தான் சரியா வரும்னு அந்த வெள்ளைக்கார சாயிப்பு எழுதியிருக்காரு."

வண்டி புறப்பட்டது. மேஸ்திரி கைகாட்டி மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "யாரு, வீட்டுக்காரரா? தூரமா வேலைக்குப் போறாவளா?" என்று விசாரித்தாள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடைமேடை முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்:

"வேலைக்கு இல்ல. பாடம் எடுக்கப் போறாவ."